நோய் தீர்ந்த குதிரையைப் பேணும் முறை

நோய் நீங்குவது ஒரு கட்டம். உடல் தேறுவது மற்றொரு கட்டம். முதற்கட்டத்தை மருந்து முடித்து வைக்கிறது. இரண்டாவது கட்டத்தை முடித்து வைப்பவை நிழல், நீர், புல், ஓய்வு, பொறுமையுள்ள ஒருவரின் கவனம் ஆகியவையே. நல்ல சிகிச்சை பெற்றுக் காய்ச்சலினின்று மீண்ட குதிரை, சில நாட்களுக்குள் மீண்டும் வண்டியில் பூட்டப்பட்டு மடிந்துபோவதுண்டு. அத்தகைய குதிரையின் உயிரைப் போக்குவது பெரும்பாலும் அவசரமே அன்றி நோயன்று. குதிரையின் உழைப்பையே நம்பி வாழும் குடும்பத்திற்கு மூன்று வார ஓய்வு என்பது மூன்று வார வருமானத்தை இழப்பதாகும். ஆயினும், அவ்விழப்பைப் பொறுத்துக்கொள்ளாதவர் குதிரையையே இழக்க நேரிடுகிறது.

இப்பொருளுக்கும் புணே வட்டாரத்திற்கும் நெடுநாளைய தொடர்புண்டு. நகரின் வடமேற்கே முளா, பவனா என்னும் இரு ஆறுகளுக்கிடையே சாங்வி அமைந்துள்ளது. முன்னர்க் கிராமமாக இருந்த இவ்வூர், இன்று பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்த நெருக்கமான குடியிருப்பாகும். முளா ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ஔந்தில், கால்நடைகளுக்குரிய தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் மாநில அரசு நிறுவனமும், நோய்களைக் கண்டறியும் ஆய்வுக்கூடமும் உள்ளன. புணே மாவட்டத்தில் பீமா நதிக்கரையை ஒட்டி வளர்ந்த உயரம் குறைந்த, கட்டுடல் கொண்ட தக்காணக் குதிரைக்குப் பீம்தடி என்று பெயர். மராட்டியர் ஆட்சிக் காலத்தில் படைக்குப் பயன்பட்ட இக்குதிரை, பின்னர் ஆடு மேய்க்கும் தன்கர் மக்களின் மூட்டை முடிச்சுகளைச் சுமக்கும் துணையாயிற்று. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் 2023-24-ஆம் ஆண்டில் இதனைத் தனி இனமாகப் பதிவு செய்தது.

புணேயில் நடந்த முதல் ஆராய்ச்சி

இந்தியாவில் குதிரை நோய் ஆராய்ச்சி வேரூன்றிய இடமும் புணேயே ஆகும். 1880-ஆம் ஆண்டில் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் கிரிஃபித் எவான்ஸ் என்னும் கால்நடை மருத்துவர், ஸர்ரா நோயுற்ற குதிரைகள், ஒட்டகங்கள் ஆகியவற்றின் இரத்தத்தில் நெளிந்து நீந்தும் நுண்ணுயிரைக் கண்டார். பாலூட்டிகளுக்கு நோய் விளைவிக்கும் டிரிப்பனோசோமா வகை உயிர் முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்போதுதான். அவருடைய பெயராலேயே அது டிரிப்பனோசோமா எவான்ஸி எனப்படுகிறது. பின்னர் 1889-ஆம் ஆண்டு டிசம்பரில் புணே விஞ்ஞானக் கல்லூரியில் இம்பீரியல் பாக்டீரியா ஆராய்ச்சிசாலை தொடங்கப்பெற்றது. அதன் தலைவரான ஆல்ஃபிரெட் லிங்கார்ட் குதிரை ஸர்ராவை விரிவாக ஆராய்ந்து 1893-இல் அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டில் ஆராய்ச்சிசாலை இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததேயாகும்.

ஸர்ரா நோயில் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். அடிவயிற்றிலும் கால்களிலும் நீர் கோத்து வீங்கும். தீனி தின்றுகொண்டே குதிரை இளைக்கும். இரத்தம் வற்றி ஈறுகள் வெளுக்கும். சிகிச்சையின்றி விட்டால் குதிரைக்கு மரணம் பெரும்பாலும் உறுதி. குதிரை ஈக்கள் ஒன்றைக் கடித்த கையோடு அடுத்ததைக் கடிப்பதால் நோய் பரவுகிறது. குவினாபிரமின் போன்ற ஊசி மருந்துகள் இன்று கிடைக்கின்றன. ஆயினும் நுண்ணுயிர் இரத்தத்தினின்று மறைந்தபின்னும் இழந்த இரத்தம் ஊறப் பல வாரங்களாகும். அதுபோன்றே குதிரைச் சளிக்காய்ச்சலிலும் (இன்ஃபுளுயன்சா) வைரஸ் சில நாட்களில் அகன்றாலும் அது விளைத்த புண் ஆறுவதற்கு நாளாகும். 2008-ஆம் ஆண்டில் ஜம்முப் பகுதியிலுள்ள கட்ராவில் யாத்திரிகரைச் சுமக்கும் மட்டக்குதிரைகளிடையே தோன்றிய இந்நோய், 2009-ஆம் ஆண்டிற்குள் பல மாநிலங்களுக்குப் பரவியது.

முதலில் தெளிய வேண்டிய ஐயம்

எந்தக் குதிரையையும் பேணத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். மூக்கிலிருந்து பிசுபிசுப்பான சளி வடிதல், மூக்கின் உட்புறத்தில் புண், தோலில் வரிசையாகக் கட்டிகள் தோன்றி உடைதல் ஆகியவை காணப்பட்டால், கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோயாக இருக்கலாம். இது மனிதரையும் பற்றக்கூடியது. 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில் இது மீண்டும் தலைகாட்டியது. இந்நோயுள்ள குதிரைக்குச் சிகிச்சை செய்வதற்குச் சட்டத்தில் இடமில்லை; அரசுக் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவித்தல் கடமையாகும். இரத்தப் பரிசோதனையில் இந்த ஐயம் நீங்கிய பின்னரே கீழ்க்காணும் முறைகளைக் கைக்கொள்ள வேண்டும்.

துடுக்கும் அதன் பொருளும்

கட்டுடல் கொண்ட மட்டக்குதிரை இயல்பில் துடுக்குள்ளது. நீர்வாளியைக் கவிழ்க்கும், கயிற்றின் முடிச்சைப் பல்லால் அவிழ்க்கும், தீனி கொண்டுவருபவரின் சட்டைப்பையைத் துழாவும், அடுத்த குதிரையின் பங்கிலும் வாய் வைக்கும். இத்தகைய குதிரை ஒருநாள் தலையைத் தொங்கவிட்டு, சொன்னபடி கேட்டு நின்றால், “குதிரை அடங்கிவிட்டது” என்று உரிமையாளர் மகிழ்வதுண்டு. அது தவறான மகிழ்ச்சி. குறும்பு செய்யும் குதிரை திடீரென அமைதியாவது, பெரும்பாலும் நோயின் முதல் அடையாளமாகும்.

நோய் தணிந்து வரும்போது இதற்கு எதிரான தவறு நிகழ்கிறது. ஐந்தாறு நாட்களில் குதிரை மறுபடி வாளியை உருட்டத் தொடங்குகிறது. காதுகளை நிமிர்த்திக் கனைக்கிறது. “பழைய குதிரையாகிவிட்டது” என்று அதனை வண்டியில் பூட்டிவிடுகின்றனர். துடுக்கு திரும்புவது நல்ல அறிகுறியே. எனினும் காய்ச்சலும் வலியும் நீங்கியதை மட்டுமே அது காட்டும். நுரையீரலின் புண் ஆறியதா, இதயத்தின் தசை வலுப்பெற்றதா, இரத்தம் ஊறியதா என்பவற்றைத் துடுக்கைக் கொண்டு அறிய இயலாது. குதிரை உற்சாகமாக ஓடும், ஓடியபின் விழும். ஆகவே குறும்பைக் கண்டு மகிழலாம். வேலைக்கு அனுப்பும் முடிவை மட்டும் வெப்பமானியையும் நாட்காட்டியையும் கேட்டே எடுத்தல் வேண்டும்.

அளந்து அறிதல்

ஓய்விலுள்ள வளர்ந்த குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை சென்டிகிரேடு (99.5 முதல் 101.3 பாகை ஃபாரன்ஹீட்) வரை இருக்கும். நிமிடத்திற்கு நாடித்துடிப்பு 28 முதல் 44 வரை. மூச்சு 8 முதல் 16 வரை. கீழ்த்தாடை எலும்பின் உட்புற விளிம்பில் விரல்களை வைத்தால் நாடியை உணரலாம். விலாவின் அசைவைக் கண்டு மூச்சை எண்ணலாம். காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில் இவற்றை அளந்து ஓர் அட்டையில் குறித்துவர வேண்டும். தின்ற தீனி, குடித்த நீர், இட்ட சாணம் ஆகியவற்றையும் அதிலேயே எழுதலாம்.

ஈறுகளை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே சமமாக வேண்டும். மடிப்பு நின்றால் உடலில் நீர் குறைந்துள்ளது என்று பொருள்.

எடையை அறிய எடைமேடை தேவையில்லை. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பைச் சுற்றி அளந்த சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் கொள்க. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 125 எனில் எடை 206 கிலோவாகும். வாரம் ஒருமுறை இக்கணக்கைப் போட்டு வந்தால், கண்ணுக்குப் புலப்படாத தேற்றமும் தேய்வும் எண்ணில் புலப்படும்.

லாயம்

குதிரை வாயால் மூச்சு விடுவதில்லை. மூக்கு ஒன்றே அதற்கு வழி. ஆதலால் தூசியும், சிறுநீர் தேங்கி எழும் நெடியும் நோயுற்ற நுரையீரலுக்குப் பகையாகும். லாயத்தின் மேற்புறம் காற்றோட்டத்திற்குத் திறந்திருக்க வேண்டும். குதிரையின் மீது நேரே வீசும் வாடைக்காற்றைத் தடுத்தல் வேண்டும். நனைந்த படுக்கை வைக்கோலை நாள்தோறும் அகற்றி, அப்பணி முடியும் வரை குதிரையை வெளியே நிறுத்தலாம். காய்ந்த புல்லை நீரில் நனைத்து, தரைமட்டத்திலேயே இடுக. தலையைத் தாழ்த்தித் தின்னும்போது சளி தானாக வடிந்து வெளியேறும். உயரத்தில் கட்டிய தீனித்தொட்டியும் வாயில் மாட்டும் தீனிப்பையும் இக்காலத்தில் ஆகா.

சளிக்காய்ச்சல் கண்ட குதிரை ஏழு முதல் பத்து நாள் வரை வைரஸை வெளிவிடக்கூடும். அதற்குத் தனி வாளியும் தனித் துணியும் இருக்க வேண்டும். நலமுள்ள குதிரைகளை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்றதை இறுதியில் கவனித்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது எளிய காப்பு. ஸர்ரா பரவும் மழைக்காலத்திலும் அதன் பின்னரும், ஈக்கள் மிகும் பகல் வேளையில் குதிரையை வலையிட்ட லாயத்திலோ, மெல்லிய புகைமூட்டத்திற்கு அருகிலோ நிறுத்துவது நன்று. புகை நேரே நுரையீரலுக்குச் செல்லலாகாது.

நீரும் தீனியும்

ஓய்விலிருக்கும் குதிரைக்கு 100 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் நீர் தேவை. வெயிலிலும் காய்ச்சலிலும் இதைப்போல இருமடங்காகலாம். நீர் எப்போதும் எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். நலிந்த குதிரையின் தலையை உயர்த்தி மூங்கில் குழலாலோ புட்டியாலோ கஞ்சியும் கஷாயமும் புகட்டும் வழக்கத்தை அறவே விட வேண்டும். அது நுரையீரலுக்குள் புகுந்து, தீர்ந்த நோயைக்காட்டிலும் கொடிய நிமோனியாவை உண்டாக்கும்.

கொழுத்த மட்டக்குதிரையும் கழுதையும் ஓரிரு நாள் தின்னாதிருப்பதும் ஆபத்தே. உடற்கொழுப்பு மிகுதியாகக் கரைந்து இரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுக்கும். ஆதலால் முழுநாள் பட்டினி கிடந்தால் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். இளம்புல், கழுவி நறுக்கிய கேரட் ஆகியவற்றைக் கையில் வைத்து நீட்டினால் பல குதிரைகள் தின்னத் தொடங்கும்.

எலும்பும் தோலுமாகிவிட்ட குதிரைக்கு இரக்கத்தால் கொள்ளும் தானியமும் அள்ளி வைப்பது பெருந்தீங்கு. நெடுநாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென மிகுந்தால் இரத்தத்தின் தாதுஉப்புகள் நிலைகுலைந்து இதயம் நின்றுவிடக்கூடும். தானிய மிகுதியால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் தோன்றலாம். கலிபோர்னியாவில் செய்த ஆராய்ச்சிகள், இத்தகைய குதிரைக்குக் குதிரைமசால் சிறந்த தொடக்கத் தீனி எனக் காட்டின. பெரிய குதிரைக்கு முதல் மூன்று நாள் நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை அரைக் கிலோ அளவில் இட்டு, பத்தாம் நாளுக்குள் படிப்படியாக உயர்த்துவது அம்முறை. மட்டக்குதிரைக்கு எடைக்கேற்பக் குறைக்க வேண்டும். நன்கு தேறியபின், 100 கிலோ எடைக்குச் சுமார் 2 கிலோ உலர்தீனி என்பது போதிய அளவு. பட்டினியால் இழந்த எடை மீண்டுவர மூன்று முதல் ஐந்து மாதங்களாகலாம்.

ஓய்வின் கணக்கு

சளிக்காய்ச்சலுக்கு உலகெங்கும் கையாளப்படும் விதி எளிது: காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு; எவ்வளவு இலேசாக வந்தாலும் மூன்று வாரத்திற்குக் குறையக் கூடாது. நான்கு நாள் காய்ச்சலுக்கு நான்கு வாரம் ஓய்வாகும். மூச்சுக்குழலின் உட்புறத்தில் தூசியையும் சளியையும் வெளியே தள்ளும் நுண்மயிர்களை வைரஸ் அழித்துவிடுகிறது. அவை மீண்டும் முளைத்துச் செயற்பட இக்காலம் தேவை. அதற்குள் வேகமாக மூச்சு வாங்கும் வேலை தந்தால், உள்ளே இழுக்கப்பட்ட தூசி வெளியேற வழியின்றி நிமோனியாவும் தீராத இருமலும் உண்டாகும்.

ஸர்ராவில் ஓய்வுக்கு இத்தகைய நேர்க்கணக்கு இல்லை. ஈறுகள் சிவந்து, வீக்கம் வடிந்து, எடை ஏறி வருவதே அளவுகோல். மருந்து எட்டாத இடங்களில் நுண்ணுயிர் ஒளிந்திருந்து மீண்டும் தோன்றக்கூடும். ஆகையால் மருத்துவர் குறித்த நாட்களில் இரத்தத்தை மறுபடி சோதிப்பதில் தவறலாகாது.

ஓய்வு என்பது கட்டிப்போடுதலும் அன்று. காய்ச்சல் நின்றபின், கயிற்றைப் பிடித்துப் பத்து நிமிடம் மெல்ல நடத்திச் செல்லலாம். குதிரை தானே மேயவும் விடலாம். நாளடைவில் நேரத்தைக் கூட்டி, பிறகு வெறும் வண்டி, பின்பு பாதிச் சுமை, இறுதியில் முழுச்சுமை என்று ஏறிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் நாடியை எண்ணுக. கால்மணி நேரத்திற்குள் அது பழைய அளவை நெருங்காவிடினும், இருமல் எழுந்தாலும், முந்தின படிக்கே திரும்ப வேண்டும்.

களத்தில் செய்யக்கூடியவை

மருந்து எழுதித் தருவது கால்நடை மருத்துவரின் பணி. அம்மருந்திற்குப் பின்வரும் வாரங்களைக் காப்பதில் களப்பணியாளருக்குப் பெரும்பங்குண்டு. குதிரைக்காரரிடம் “ஓய்வு கொடுங்கள்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, காய்ச்சல் இருந்த நாட்களை எண்ணி, வேலைக்குத் திரும்பும் தேதியை அட்டையில் எழுதிக் கொடுப்பது பயன் தரும். இரண்டு மூன்று குதிரைக்காரர்கள் கூடி, ஒருவரின் குதிரை ஓய்விலிருக்கும் வாரங்களில் மற்றவர் சவாரியில் பங்கு தரும் ஏற்பாட்டை அவர்களிடையே செய்துவைத்தால், அத்தேதி காக்கப்படுவதற்கு வழி பிறக்கும்.

குதிரையுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு நாடி எண்ணவும், வெப்பத்தை வரைபடமாக்கவும், எடைக்கணக்கைப் போடவும் ஆசிரியர்கள் கற்பிக்கலாம். வெப்பமானியை வைப்பது பெரியவர் பணியாக இருக்கட்டும். குதிரைக்கு நேர்பின்னே எவரும் நிற்கலாகாது. உயிரியலும் கணக்கும் ஒருங்கே பயிலும் பாடமாக இது அமையும். வாளியைக் கவிழ்த்த குதிரைக்கு மீண்டும் நீர் நிரப்பி வைத்துவிட்டு, அட்டையில் அன்றைய வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும் சிறுவன், குதிரையை எந்நாளில் பூட்டலாம் என்பதைத் தன் தந்தைக்கு எடுத்துக்கூறும் தகுதி பெற்றுவிடுகிறான்.