கோட்டை இல்லாத மலை

சேலத்தைச் சுற்றி மலையேறிப் பழமையைப் பார்க்க நினைப்பவருக்குச் சங்ககிரி இருக்கிறது, நாமக்கல் இருக்கிறது. மதில், வாயில், கொத்தளம் என்று எல்லாம் கண்ணெதிரே நிற்கும். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சேர்வராயன் மலை அப்படி அல்ல. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குப் போகிறவர் ஏரியில் படகில் சுற்றுகிறார், லேடீஸ் சீட்டிலிருந்து கீழே மின்னும் சேலத்தைப் பார்க்கிறார், காபியும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார். இங்கே பழசு என்று என்ன இருக்கிறது என்று கேட்டால், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவையோ தேவாலயத்தையோதான் கைகாட்டுவார்கள். ஆனால் காபிச் செடி இந்த மலையில் வேர்விட்டு 200 ஆண்டுகள்தாம் ஆகின்றன. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் இங்கே காடு திருத்தியிருக்கிறார்கள், இறந்தவர்களைக் கல்லுக்கடியில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்றவை கோட்டைகள் அல்ல. கைக்குள் அடங்கும் கோடரிகள், சரிந்த கற்பலகைகள், குவித்த கற்கள். இவற்றைப் பார்க்கப் போகிறவருக்கு வேறுவிதமான நடை வேண்டும். ஏனென்றால் இங்கே சான்றாக இருப்பது கல் மட்டும் அல்ல, அது கிடக்கிற இடமும்தான்.

முதலில் அந்தக் கோடரியைப் பார்ப்போம். கடினமான கருங்கல்லைத் தேர்ந்து, சில்லு சில்லாகத் தட்டி, கொத்திச் சமப்படுத்தி, பிறகு பாறைமேல் நீரும் மணலும் விட்டு நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிச் செய்தது. ஒரு முனை குறுகலாக, மரப்பிடிக்குள் நுழையத் தோதாக இருக்கும். மறுமுனை அகன்று கூராக இருக்கும். புதிய கற்காலத்து மக்கள் மரம் வெட்டவும் நிலம் திருத்தவும் வைத்திருந்த கருவி இதுதான். வடதமிழ்நாட்டு மலைகளான சேர்வராயன், ஜவ்வாது, கல்ராயன் ஆகியவற்றில் இவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் இந்திய அரசின் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, இந்த மக்கள் குழி வீடுகளில் வாழ்ந்ததும் தானியம் விளைவித்ததும் தெரியவந்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டம் கி.மு. 2200க்கு முன்பே தொடங்கிவிட்டது என்று மாநிலத் தொல்லியல் துறை 2022இல் அறிவித்தது. அதையடுத்து வந்த இரும்புக் கால மக்கள் ஈமச்சின்னங்களை விட்டுச்சென்றார்கள். நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டை, மண்ணுக்குள் புதைந்த கல்பதுக்கை, சுற்றிலும் உருண்டைக் கற்கள் அடுக்கிய கல்வட்டம், வெறும் கற்குவை. ஊர்ப்பக்கம் இவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர் குகை என்பார்கள்.

இவற்றை அறிவுலகுக்குக் கொண்டுவந்த மனிதர் ஏற்காட்டுவாசி என்பது பலருக்குத் தெரியாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கத்தில் அவரும் சக ஊழியர் வில்லியம் கிங்கும் சேர்ந்து மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். அந்த இருவரும்தான் சேலம், திருச்சி, தென்னார்க்காடு வட்டாரங்களின் பாறை அமைப்பை நடந்தே அளந்து ஒன்றாக அறிக்கை எழுதியவர்கள். இரண்டு நண்பர்களாக மலையேறுவது இன்றைய வார இறுதிப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். இந்தியத் தொல்லியலின் ஒரு பெரும் தொடக்கமே இரண்டு பேரின் நடையில் அமைந்ததுதான். ஒருவர் கண்டதை மற்றவர் உடனே மறுத்துப் பார்க்கவும் சரிபார்க்கவும் முடிந்தது. ஃபூட் ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில் குடியிருந்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு யாழ்ப்பாணத்தில் விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல், 1882இல் காலமானதும் ஏற்காட்டில்தான். ஃபூட் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய சாம்பல் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

ஃபூட்டின் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதற்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியல் இறந்தபின் வெளிவந்தது. அந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது பொருள்களின் எண்ணிக்கை அல்ல. ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்த மேட்டில் கிடைத்தது என்று அவர் குறித்துவைத்த விடாப்பிடிதான். சேர்வராயன் மலையில் ஸ்காட்ஃபோர்த் காபித் தோட்டத்தில் ஒரு பெண்ணின் சுடுமண் உருவம் கிடைத்தது. தலையைச் சுற்றிலும் கூந்தல் சிறு சிறு சுருள்களாகக் கோதி அமைக்கப்பட்டிருக்கும். அத்தகைய சிகை அலங்காரம் கலையாமல் தூங்குவது எப்படி என்றுகூட ஃபூட் யோசித்திருக்கிறார். ஸ்காட்ஃபோர்த் என்ற இடப்பெயர் இல்லாமல் அந்த உருவம் மட்டும் ஒரு கடையில் கிடைத்திருந்தால், அழகான பழைய பொம்மை என்பதற்குமேல் நம்மால் எதுவும் சொல்ல முடியாது. பெயர் இருப்பதால்தான், மழையும் பனியும் நிறைந்த ஒரு மலைமேல் கூந்தலைச் சிங்காரிக்க நேரமும் மனமும் இருந்த மக்கள் வாழ்ந்தார்கள் என்று பேச முடிகிறது. கீழே மேட்டூருக்கு அருகே மாங்காடு, தெலுங்கனூர் ஈமக்காடுகளில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த இரும்பு வாள்கள் கிடைத்திருக்கின்றன. அந்தச் சமவெளி மக்களுக்கும் இந்த மலைமக்களுக்கும் என்ன உறவு என்ற கேள்வியைக் கேட்க வேண்டுமானால், மேலே எது எங்கே கிடந்தது என்ற விவரம் கையில் இருக்க வேண்டும்.

கல்லைக் கிடந்த இடத்திலேயே விட வேண்டும் என்றால் ஒரு மறுப்பு எழும். ஃபூட்டும் எடுத்துக்கொண்டுதானே போனார்? காட்டில் கிடந்து அழிவதைவிட எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருப்பது நல்லதல்லவா? நியாயமான கேள்வி. தோட்டக்காரர்கள் காபிக் குழி வெட்டும்போது வெளிப்பட்டவை, எடுக்காவிட்டால் மண்வெட்டியில் உடைந்தே போயிருக்கும். அந்த நெருக்கடியில் அவர் எடுத்தது சரி என்றே சொல்வேன். ஆனால் அவர் எடுத்தது குறிப்போடு. நாம் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது நினைவுப் பொருளாக. அடுத்த முறை வீடு மாறும்போது அது தொலைந்துவிடும். மேலும் ஃபூட் காலத்தில் மேற்பரப்பில் கிடைத்த கருவிகளின் வயதைக் கணிக்கும் வழிகள் இல்லை. இன்று ஒரு கல்பதுக்கையின் அடியில் உள்ள கரித்துண்டுக்கும் மணலுக்கும்கூட வயது சொல்ல முடியும். அத்திரம்பாக்கத்தின் பழைய கற்காலக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் நிறுவ முடிந்தது, ஃபூட் விட்டுவைத்த மண்ணைத் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் மீண்டும் நிதானமாகத் தோண்டியதால்தான். கிளறப்பட்ட மண்ணில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இன்னொரு மறுப்பு படித்தவர்களிடமிருந்து வரும். இந்த மலைகளில் பழங்குடியினர் கற்கோடரிகளைச் சிறு கோயில்களில் குவித்துப் பிள்ளையாராக வழிபடுகிறார்கள். எண்ணெய் பூசி, பொட்டு வைத்து, சான்றுகளை இடம் மாற்றிவிட்டார்கள், இது பாதுகாப்பா என்பார்கள். மலையாளிகள் எனப்படும் இந்தப் பழங்குடியினர் கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசுபவர்கள், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்வார்கள். காட்டைத் திருத்தும்போது கிடைத்த வழவழப்பான கல்லை அவர்கள் தூக்கி எறியவில்லை. மனிதர் கைபட்ட ஏதோ ஒன்று என்று உணர்ந்து மரியாதை செய்தார்கள். ஐரோப்பியக் குடியானவர்கள் இதே கோடரிகளை இடி விழுந்து பிறந்த கல் என்று நம்பி, மின்னல் தாக்காமல் இருக்க வீட்டில் வைத்திருந்தார்கள். கிடந்த இடத்தின் விவரம் ஓரளவு தொலைந்தது உண்மை. ஆனால் கோடரி அந்த மலையை விட்டுப் போகவில்லை, அந்த ஊரின் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. தொல்லியல் துறை என்ற ஒன்று இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இவர்கள்தாம். மலையுச்சியில் தாழ்வான குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் கோயிலை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவுக்கு ஊர் ஊராக மக்கள் ஏறி வருகிறார்கள். அந்தக் குகை காவிரி ஆறு வரை நீளுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதை அளந்து பார்க்க வேண்டியதில்லை. உச்சியில் உள்ள இடம் புனிதம் என்ற நினைவே அந்த இடத்துக்குக் காவல்.

இதற்கு மாறாக என்ன நடக்கும் என்பதையும் இந்த மலையே காட்டுகிறது. கிழக்கு ஓரத்தில் உள்ள பகோடா முனைக்கு அந்தப் பெயர் வந்ததே, பழங்குடியினர் கோபுரம்போல் அடுக்கிய கற்குவைகளால் என்கிறார்கள். இன்று அங்கே கோயிலும் கடைகளும் வாகன நிறுத்தமும் இருக்கின்றன. வருகிறவர் பள்ளத்தாக்கைப் பார்த்துப் படம் எடுக்கிறார், பெயருக்குக் காரணமான கற்களைத் தேடுவதில்லை. உச்சிகளின் தட்டையான பரப்பில் பாக்சைட் படிவம் இருந்ததால், மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலுமினியம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மேல்மண்ணை வழிக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று நடந்து பார்ப்பதற்குச் சில நாள்கள் போதும். காட்டேஜுக்காக மேடு வெட்டும் இடங்களுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் இதையெல்லாம் எழுதுவதே ஆபத்து, புதையல் தேடுகிறவர்களுக்கு வழிகாட்டுவதாக ஆகும் என்று ஒரு கவலை உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூடுகல்லுக்குக் கீழே தங்கம் இருக்கிறது என்று நம்பிக் கடப்பாரை போட்ட கல்திட்டைகள் வடதமிழ்நாட்டு மலைகள் எங்கும் உண்டு. ஆனால் அவர்களுக்கு வழி ஏற்கனவே தெரியும். தெரியாமல் இருப்பது மற்றவர்களுக்குத்தான். ஈமச்சின்னங்களில் கிடைப்பவை பெரும்பாலும் கறுப்பு சிவப்புப் பானைகளும் துருப்பிடித்த இரும்பும் எலும்பும் மணிகளும்தான் என்பது ஊரெல்லாம் தெரிந்தால், கடப்பாரையின் ஆசை குறையும். துல்லியமான இடக்குறிப்பை இணையத்தில் போடாமல், கல்லின் வகையையும் பொருளையும் விளக்கினால் போதும்.

இந்த மலையில் இருவராக நடப்பது நல்லது என்பேன். முப்பது பேர் வரிசையாகப் போனால் கல்வட்டம் மிதிபடும், மலைக்கிராமத்தின் அமைதி கெடும். தனியாகப் போனால் காட்டெருமை எதிர்ப்பட்டாலோ கால் பிசகினாலோ கேட்க ஆள் இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறியவர்கள் 23 பேர் இறந்தபின் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் மாநிலம் முழுக்க 40 தடங்களை வனத்துறை வழிகாட்டிகளோடு திறந்தது. அந்த வழிகாட்டிகளில் பலர் மலைமக்கள். பாறையின் பெயரையும் கோயிலின் கதையையும் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது, இரண்டு நண்பர்களால் எளிதாகச் செய்யக்கூடியது. கேட்பவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர்.

மெருகேறிய கல் ஒன்று பாதையில் கண்ணில் பட்டால் அதைத் தொடாமல், பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்து, கிட்டத்திலிருந்து ஒரு படமும், சுற்றியுள்ள மேடும் மரமும் தெரியத் தள்ளி நின்று ஒரு படமும் எடுக்கலாம். தேதி, நேரம், அருகிலுள்ள ஊர் ஆகியவற்றோடு கிராம நிர்வாக அலுவலரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ தெரிவிக்கலாம். மண்ணுக்கடியில் விலைமதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. கோயில் மேடையில் எண்ணெய் பூசி வைத்திருக்கும் கோடரியானால், படம் எடுக்கும் முன் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.