டுபாய் எவ்வளவு தூரம்?

"பகல் ஒரு மணிக்கு எறங்கும்னு டிக்கட்ல போட்டிருக்கு. மூணு மணியாச்சு, புள்ளகிட்டயிருந்து கோல் வரலியே!" இப்படிப் பதறத் தேவையில்லை. கணக்கைப் பாருங்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் ஆகாய வழியில் சுமார் 3,300 கிலோமீட்டர். நேரே போகும் விமானத்துக்கு ஏறக்குறைய நாலரை மணித்தியாலம் பிடிக்கும். டிக்கட்டில் புறப்படும் நேரம் நம் நாட்டு நேரம். இறங்கும் நேரம் அந்த நாட்டு நேரம். சூரியன் நமக்கு முதலில் உதிப்பதால், டுபாய் மணிக்கூடு ஒன்றரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். காலை 10 மணிக்குப் புறப்பட்ட விமானம் அங்கே பகல் 1 மணிக்கு இறங்கும்போது, இங்கே 2.30. குவைத் இன்னும் தூரம், சுமார் 4,150 கிலோமீட்டர். நேர வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம்.

இறங்கியபின் பாஸ்போர்ட் பார்க்கவும் பெட்டி எடுக்கவும் மேலும் நேரம் போகும். வழியில் விமானம் மாறினால், காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

விமானநிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். ஆகவே காலை 10 மணி விமானத்துக்கு இரத்தோட்டையிலிருந்து முதல் நாள் இரவே கிளம்பிவிடுங்கள்.

டிக்கட்டின் பிரதியொன்றை வீட்டில் வையுங்கள். ஒருநாள் கடந்தும் தகவல் இல்லையென்றால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குப் பேசுங்கள்.