வார்டு எல்லையும் வாக்கின் மதிப்பும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தொடாமல் உள்ளாட்சியைப் பற்றிக் கட்டுரை எழுதுவது நம் நாட்டில் வழக்கமில்லை. நானும் அவ்வழக்கை மீறவில்லை. முதற் பராந்தகன் காலத்தில் அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடும்பு என்பதை இன்றைய வார்டு என்று கொள்ளலாம். ஆனால் வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவர் பெயர்தான் அங்கே ஓலையில் ஏறியது. மேடையில் முழங்குவோர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். நிலமுள்ளவர், நிலமற்றவர் என்று பாராமல் தலைகளை எண்ணி வார்டு பிரிப்பது நம் காலத்து முறையாகும்.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் இதற்கு வழி வகுத்தது. ஓர் ஊராட்சிக்குள், வார்டின் மக்கள் தொகைக்கும் அதற்குரிய இடங்களுக்கும் உள்ள விகிதம், இயன்ற வரை எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மக்கள் தொகை என்பது, கடைசியாக எடுக்கப்பட்டு எண்கள் வெளியான கணக்கெடுப்பின்படி உள்ள தொகை. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஒன்றியக் குழுவுக்கு ஏறத்தாழ 5,000 பேருக்கு ஓர் உறுப்பினர். மாவட்ட ஊராட்சிக்கு 50,000 பேருக்கு ஒருவர்.

'இயன்ற வரை' என்ற சொல்லில் எவ்வளவு இடமிருக்கிறது என்பதற்கு நகரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகள் இணைந்தன. பழைய நகரின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின. புதிய பகுதிக்கு 93 வார்டுகள் கிடைத்தன. 2011 கணக்குப்படி பழைய நகரில் 46 லட்சத்துக்கு மேற்பட்டோர்; விரிந்த நகர் முழுவதிலும் ஏறத்தாழ 67 லட்சம். வகுத்துப் பாருங்கள். பழைய நகரில் வார்டுக்கு ஏறத்தாழ 43,000 பேர், புதிய பகுதியில் ஏறத்தாழ 22,000 பேர்! பரந்து கிடக்கும் புறநகருக்குக் கூடுதல் உறுப்பினர் வேண்டும் என்று வாதிடலாம். ஆயினும் அன்று இராயபுரத்து வாக்கு, இணைந்த பகுதி வாக்கில் பாதி எடைதான் பெற்றிருந்தது என்றால் மனம் ஒப்பவில்லை.

எண்ணிக்கை சமமாகிவிட்டால் குறை தீர்ந்துவிடுமா? ஓர் ஊராட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். மக்கள் 2,700 பேர், வார்டுகள் 9, வார்டுக்கு 300 பேர். அவ்வூரில் 600 பேர் வாழும் ஓர் ஆதிதிராவிடர் குடியிருப்பு இருக்கிறது. அதை இரண்டு முழு வார்டுகளாக வரையலாம். நான்காக வெட்டி, வார்டுக்கு 150 பேராக, அடுத்த தெருக்களோடு சேர்த்தும் வரையலாம். இரண்டு படத்திலும் கணக்கு பிசகாது; விகிதப்படி இரண்டு இடங்கள் ஒதுக்கவும்படும். ஆனால் இரண்டாவது படத்தில், உறுப்பினர் அக்குடியிருப்பைச் சேர்ந்தவராக இருப்பார். அவரை வெல்ல வைக்கும் வாக்குகளில் பாதி வேறு தெருக்களுடையதாக இருக்கும். குடிநீர்க் குழாய் எத்தெருவில் முதலில் என்ற பேச்சு வரும்போது அவர் யார் முகத்தைப் பார்ப்பார்? இந்த வேறுபாட்டை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் காட்டாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கெடுப்பாளர் ஒருவருக்கு ஒதுக்கப்படும் பகுதியில் ஏறத்தாழ 600 முதல் 800 பேர் இருப்பர். மேற்சொன்ன வார்டிலோ 300 பேர்தான். ஆகவே ஒரே பகுதியைப் பிளந்து இரண்டு, மூன்று வார்டுகளுக்குப் பங்கிட வேண்டியிருக்கிறது. எத்தனை வீடு இப்பக்கம், எத்தனை அப்பக்கம் என்பதை அலுவலகத்து மேசையில் ஒருவர் முடிவு செய்கிறார். அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆயினும் ஊரை அறிந்தவராக இருக்க வேண்டுமே!

அதனால்தான் வரைவு எல்லைகள் வெளியாகி, ஆட்சேபணை கேட்கப்படும் நாட்களை நான் தேர்தல் நாளைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். தொகுதி வரையறைச் சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க 243-ஓ பிரிவு தடை விதிக்கிறது. வரையறையே நடக்காதபோது மட்டும் கதை வேறு. 2019-இல் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சில பிரிக்கப்பட்டன. எல்லைகளோ பழையபடியே இருந்தன. அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், அவ்வாறு பாதிக்கப்பட்ட 9 மாவட்டங்களில் வார்டுகளைப் புதிதாக வரையறுத்த பிறகே தேர்தல் நடத்த வேண்டும் என்றது. மற்ற 27 மாவட்டங்களில் அம்மாதமே ஊரகத் தேர்தல் நடந்தது. அந்த 9 மாவட்டத்தாரோ 2021 அக்டோபர் வரை காத்திருந்தனர்.

இவை யாவும் 2011 கணக்கின் மேல் நிற்பவை. அக்கணக்கு எடுக்கப்பட்டபோது, இன்று நம் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் தம்பி தங்கையர் பள்ளி வாசலையே மிதித்திருக்கமாட்டார்கள். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு, கொரோனாத் தொற்றால் தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. எண்ணி முடித்தால் மட்டும் போதாது. எண்கள் வெளியாக வேண்டும். அதுவரை, இடைப்பட்ட ஆண்டுகளில் புறநகர் வயல்களில் எழுந்த வீட்டு மனைகளின் மக்கள் வாக்காளர் பட்டியலில் இருப்பர். வார்டுக் கணக்கில் மட்டும் இருக்கமாட்டார்கள்.