வெள்ளத்திற்கு முன் ஒரு பரீட்சை

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே ஆழிப்பேரலை மட்டக்களப்பின் நாவலடியை அடைந்தது. அவ்வளவு நேரம் இருந்தும் எச்சரிக்கை வந்து சேரவில்லை.

இன்று அத்தகைய செய்தி வருமாயின், கடலுக்கும் வாவிக்கும் இடையே வாழ்வோர் யாவரும் ஒரே கணத்தில் கைத்தொலைபேசியை எடுப்பர். இணையத்தில் செய்தி தேடுவர். ஆயிரம் பேருக்குப் போதிய வழி, இலட்சம் பேர் நுழைந்தால் அடைபட்டுவிடும். ஆதலின் பொறியியலாளர் அமைதியான நாளிலேயே கணினிகளைக் கொண்டு செயற்கை நெரிசலை உண்டாக்கி, அதனைப் படிப்படியாகப் பெருக்கி, வலையமைப்பு எங்கே தளர்கிறது என்று காண்பர். அவ்விடத்தை வலுப்படுத்தி மீண்டும் சோதிப்பர்.

மாரிவெள்ளம் ஊரை மூடுமுன் முகத்துவாரத்தை வெட்டிவிடும் நம்மவர்க்கு இதன் அருமை விளங்காமற் போகாது.