வெளிறிய தோலும் நோயின் பெயரும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போர் தோலிலே வெளிறிய படை தோன்றின், கண்டவளவிலே ‘குட்டம்’ என அஞ்சுவாரும், ‘தேமல்’ எனப் பொருட்படுத்தாது விடுவாரும் உளர். இரு முடிபும் ஆராயாது கொண்டனவே.

தேமல் பங்கசினால் வருவது. தோலை மெல்லச் சுரண்டின் நுண்செதில் உதிரும். அதனைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியால் நோக்கின், குறுகிய இழைகளும் வித்திகளும் புலப்படும். 1903 முதல் 1915 வரை கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்தெல்லானி, வெப்பநாட்டுத் தோற்பங்கசு நோய்களை விரிவாக ஆராய்ந்தோருள் ஒருவராவர்.

வெண்புள்ளியோ நிறமிக் கலங்கள் அழிவதால் உண்டாவது. அது பாலென வெளுத்திருக்கும், செதில் உதிராது, உணர்ச்சி குன்றாது, பிறரைத் தொற்றாது. ‘வெண்குட்டம்’ என்னும் வழக்கே குற்றமற்ற அந்நோயாளரைத் தொழுநோயாளரோடு சேர்த்து எண்ணச் செய்தது.

தொழுநோய்ப் படையிற் பெரும்பாலும் உணர்ச்சி மழுங்கும். கண்ணை மூடச் செய்து பஞ்சிழையால் தொட்டால், தொட்ட இடத்தை நோயாளர் அறியார். நோர்வே நாட்டு ஹன்சன் 1873இல் இதன் கிருமியைக் கண்டார். 1981இல் உலக சுகாதார நிறுவனத்து அறிஞர் குழு பரிந்துரைத்த கூட்டுமருந்து முறையால் இந்நோய் முற்றும் குணமாகும். காலந்தாழ்த்தின் நரம்பு கெடும். இழந்த உணர்ச்சி மீள்வது அரிது.

கொழுந்து பறிப்போர்க்கு விரலின் உணர்ச்சியே வாழ்வு. ஆதலின், கடையிற் களிம்பு வாங்குமுன் பதுளை வைத்தியசாலையை நாடி நோயின் உண்மைப் பெயரை அறிதலே முதற்சிகிச்சையாகும்.