நிற்காத பஸ்ஸும் நிற்கின்ற மக்களும்

டப்ளினில் ஏறினால் கார்க்கில் இறங்கலாம். இடையிலே எங்கும் நிற்காது. டப்ளினில் ஏறினால் கால்வேயில் இறங்கலாம்; இடையிலே எங்கும் நிற்காது. அயர்லாந்தின் எக்ஸ்பிரஸ் பஸ்களில் பல இந்தப் பெருமையைத்தான் விளம்பரமாகச் சொல்லிக்கொண்டு ஓடுகின்றன. வசதியான இருக்கை, குறைந்த கட்டணம், ரயிலோடு போட்டி போடும் வேகம். இவற்றில் எதையும் நாம் குறை கூறவில்லை. உழைப்பவனுடைய பொழுதை மிச்சப்படுத்துவது நல்ல காரியம்தான்.

ஆனால், ஒரு பஸ் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கையே பார்க்கிறார். அது எங்கெங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் முழுக் கணக்கும் தெரியும். யாரை ஏற்றிக்கொள்கிறது? யாரைச் சாலையோரத்தில் விட்டுவிட்டுப் பறக்கிறது? விட்டுவிடப்பட்டவனை ஏற்றிக்கொள்ள வேறு வண்டி வருமா? வருமென்றால் அதற்குப் பணம் கொடுப்பவர் யார்? அயர்லாந்தின் அனுபவத்தை இந்தக் கேள்விகளோடு புரட்டிப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை, 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 51 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது. அதில் கால்வாசிக்கு மேற்பட்டோர் டப்ளின் கவுண்டியில் வாழ்கின்றனர். மற்றவர்களில் ஏராளமானோர் சிறு நகரங்களிலும், சிற்றூர்களிலும், ஒன்றுக்கொன்று தொலைவாய்க் கிடக்கும் தனி வீடுகளிலும் சிதறி வாழ்கின்றனர். மருத்துவமனையோ, கல்லூரியோ, வேலையோ, எது வேண்டுமென்றாலும் இவர்கள் பக்கத்து நகரத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும். கார் உள்ளவன் போவான். இல்லாதவன்?

ஒரு காலத்தில் அவனுக்கு ரயில் இருந்தது. 1834ஆம் ஆண்டில் டப்ளினிலிருந்து, இன்று டன் லியரி என வழங்கும் துறைமுகத்துக்கு, அந்நாட்டின் முதல் ரயில் ஓடிற்று. 1920ஆம் ஆண்டு வாக்கில் தீவு முழுவதிலுமாகச் சுமார் 5,500 கிலோமீட்டர் இருப்புப்பாதை இருந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை. மீதி எங்கே போயிற்று? வெள்ளம் கொண்டு போகவில்லை. கணக்குப் புத்தகம் கொண்டு போயிற்று!

தனியார் ரயில் கம்பெனிகள் தள்ளாடிய காலத்தில், 1945இல் சி.ஐ.இ. எனும் போக்குவரத்து நிறுவனம் அமைக்கப்பட்டு, 1950இல் நாட்டுடைமையாக்கப்பட்டது. நாட்டுடைமை என்ற பலகை மாட்டப்பட்டதே தவிர, நாட்டுடைமையின் நோக்கம் உள்ளே நுழையவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம், வரவும் செலவும் சரிக்கட்ட வேண்டுமென்று நிறுவனத்துக்குக் கெடு வைத்தது. பாதைகளை மூடுவதையும் எளிதாக்கியது. அந்த ஆண்டின் கடைசி நாளன்றே டப்ளினின் ஹார்கோர்ட் தெரு ரயில்பாதை மூடப்பட்டது. 1961இல் மேற்குக் கிளேர் பாதை போயிற்று. அதே ஆண்டில் மேற்குக் கார்க் பாதைகளும் போயின. ரயில் போனால் என்ன, பஸ் வருகிறதே என்று ஆறுதல் சொன்னார்கள்.

மூடியது சரியா, தவறா என்பதற்கு ஹார்கோர்ட் தெருப் பாதையே சாட்சி. 1958இல் வேண்டாமென்று மூடி, பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெறிந்த அதே தடத்தின் ஒரு பகுதியில், 2004ஆம் ஆண்டில் பெரும்பணம் செலவிட்டு லுவாஸ் எனும் டிராம் பாதை அமைத்தார்கள். இன்று அதில் மக்கள் நிரம்பி வழிகிறார்கள். டப்ளின் தலைநகரம்; இழந்ததைத் திரும்பப் பெற்றது. மேற்குக் கிளேருக்குப் போன ரயில் போனதுதான்!

வடமேற்கு மூலையிலே டொனிகால் கவுண்டி. 1959ஆம் ஆண்டின் முடிவோடு அதன் ரயில்களில் பெரும்பாலானவை நின்றுவிட்டன. அங்கே லாக் ஸ்வில்லி ரயில்வே என்றொரு கம்பெனி இருந்தது. அதன் ரயில்கள் 1953லேயே நின்றுவிட்டன. ஆனால் கம்பெனி நிற்கவில்லை. பெயரில் ரயில்வேயை வைத்துக்கொண்டே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பஸ் நடத்தி, 2014இல் கதவைச் சாத்தியது. முதலில் ரயில் போயிற்று. பிறகு அதற்குப் பதிலாக வந்த பஸ் கம்பெனியும் போயிற்று! பதிலுக்கு வந்ததும் லாபக் கணக்கை நம்பித்தான் நிற்கிறது என்றால், அதன் ஆயுளும் அவ்வளவுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இனி பஸ்ஸின் கதையைப் பார்ப்போம். 1932, 1933ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பஸ் தொழிலைப் பெர்மிட் முறைக்குள் கொண்டுவந்து, போட்டிப் பஸ்களை ரயில் கம்பெனிகள் விலைக்கு வாங்கவும் வழி செய்தன. பின்னர் ரயில், பஸ் இரண்டுமே சி.ஐ.இ.யின் கைக்கு வந்தன. கூட்டமுள்ள தடத்தில் கிடைத்த பணம், கூட்டமில்லாத தடத்தின் செலவைத் தாங்க உதவியது. குடும்பத்தில் மூத்தவன் சம்பாத்தியத்தில் இளையவன் படிப்பது போல! இந்த ஏற்பாட்டில் மெத்தனமும் இருந்தது, குறைகளும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆயினும் அடிப்படை நியாயம் ஒன்று அதில் இருந்தது.

1987இல் சி.ஐ.இ. மூன்று துணை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது: ரயிலுக்கு ஒன்று, டப்ளின் நகரப் பஸ்ஸுக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்குப் பஸ் ஏரன். அந்தப் பஸ் ஏரனுக்குள்ளும் பிறகு இரண்டு கணக்குகள். ஒன்று, பொதுச்சேவை என்று அரசு மானியம் பெறும் தடங்கள். மற்றொன்று, 'எக்ஸ்பிரஸ்வே' என்ற பெயரில் ஓடும் தொலைதூரத் தடங்கள். இது வியாபாரம், மானியம் கிடையாது. கொள்ளைநோய்க் காலத்தில் தற்காலிக உதவி கிடைத்ததைத் தவிர, தன் வருமானத்தில்தான் தான் பிழைக்க வேண்டும்.

இதற்கிடையில் சாலை மாறியது. பழைய பெருஞ்சாலை ஊர்களின் நடுவே ஓடியது. காஷெல், காகிர், மிட்செல்ஸ்டவுன், ஃபெர்மாய் ஆகிய ஊர்களின் கடைத்தெருவைக் கடக்காமல் டப்ளின் பஸ் கார்க் போக முடியாது. கடக்கும்போது நிற்பதில் பெரிய நட்டமுமில்லை. 2010ஆம் ஆண்டு முடிவதற்குள் டப்ளினிலிருந்து கார்க், லிமரிக், கால்வே, வாட்டர்போர்டு நகரங்களுக்கு மோட்டார் நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. அவை ஊர்களைத் தொடாமல் ஒதுங்கிச் செல்கின்றன. இப்போது ஓர் ஊரில் நிற்க வேண்டுமானால், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஊருக்குள் நுழைந்து, ஆளை ஏற்றி, மறுபடி நெடுஞ்சாலைக்கு ஏறவேண்டும். நான்கு ஊர் என்றால் நான்கு முறை! நேற்றுவரை வழியில் இருந்த ஊர், இன்று வழிக்கு இடைஞ்சலாகிவிட்டது.

நெடுஞ்சாலை திறந்ததும் தனியார் பஸ்கள் முனைக்கு முனை ஓடத் தொடங்கின. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியப் போக்குவரத்து ஆணையம் பெர்மிட் வழங்கிற்று. ஒரே தடத்தில் பலர் ஓட்டினர். நகரத்துப் பயணிக்குக் கொண்டாட்டம். ஆனால் நடந்தது என்ன? அடிக்கரும்பை வெட்டிச் சுவைக்கப் பலர் வந்தார்கள். நுனிக்கரும்பைச் சுமக்க ஒருவனை மட்டும் விட்டார்கள். அவனும் 'எனக்கும் அடிக்கரும்புதான் வேண்டும். இல்லாவிட்டால் பிழைக்க முடியாது' என்று சொல்லத் தொடங்கினான். அவன் சொன்னதிலும் பொய்யில்லை!

விளைவு 2017இல் வெடித்தது. எக்ஸ்பிரஸ்வே நட்டத்தைக் காட்டி, ஓவர்டைமிலும் படிகளிலும் கைவைத்தது நிர்வாகம். சுமார் 2,600 தொழிலாளர்கள் மார்ச் 24 முதல் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். பெர்மிட் கொடுத்தவர் டிரைவர் அல்ல. நெடுஞ்சாலை போட்டவர் மெக்கானிக் அல்ல. மானியக் கொள்கையை வகுத்தவர் டெப்போ ஊழியர் அல்ல. ஆனாலும் நட்டக் கணக்கு வந்து நின்றது அவர்கள் சம்பளச் சீட்டின் மேலேதான்! அதே ஆண்டில் அத்லோன்–வெஸ்ட்போர்ட் தடம் உள்ளிட்ட சில தொலைதூரத் தடங்களைக் கைவிடுவதாகவும் நிறுவனம் அறிவித்திருந்தது.

2020 செப்டம்பரில் அடுத்த அறிவிப்பு. டப்ளினிலிருந்து கார்க், கால்வே, லிமரிக், பெல்பாஸ்ட் செல்லும் எக்ஸ்பிரஸ்வே தடங்களை விட்டுவிடப் போவதாகச் சொன்னது பஸ் ஏரன். அந்த நகரங்களுக்கு வேறு பஸ்கள் உண்டு, ரயிலும் உண்டு. எனவே முனையில் இருப்பவனுக்குப் பெரிய நட்டமில்லை. நடுவில் இருப்பவன் கதி என்ன? ஃபெர்மாயின் ரயில் 1967இல் போயிற்று. கால்வே சாலையிலுள்ள லாக்ரேயின் ரயில் 1975இல் போயிற்று. ரயிலை இழந்து பஸ்ஸை நம்பியிருந்த ஊர்கள் பஸ்ஸுக்கும் பயப்பட வேண்டிய நிலை! எங்கே இடைவெளி விழுகிறது என்று பார்த்துப் பொதுப்பணத்தில் அடைக்கும் பொறுப்பு ஆணையத்தின் தலையில் வந்து விழுந்தது. லாபத்தை எடுப்பவர் தனியார். ஓட்டையை அடைப்பவர் வரி கட்டும் மக்கள்!

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதையும் நேர்மையாகப் பார்ப்போம். 'கார்க் போகிறவன் எதற்காகப் பத்து ஊரைச் சுற்றவேண்டும்? கிராமத்துக்காக நகரத்தானைத் தண்டிக்கலாமா?' என்கிறார்கள். சுற்றவேண்டாம் என்றே நாமும் சொல்கிறோம். நேர் பஸ் நேராகப் போகட்டும். நின்று போகும் பஸ் நின்று போகட்டும். வண்டிகள் இரண்டாக இருக்கலாம். கல்லாப்பெட்டி இரண்டாக இருக்கக்கூடாது என்பதே நம் வாதம். நல்ல தடத்துக்குப் பெர்மிட் கேட்பவனிடம், ஊர்ப்பக்கச் சேவைக்கும் ஒரு பங்கு கொடு என்று கேட்பதில் என்ன அநியாயம்? அவன் வண்டி ஓடும் நெடுஞ்சாலையே பொதுச்சொத்து அல்லவா!

முதியோர் நிலையைப் பாருங்கள். 1967இல் தொடங்கிய இலவசப் பயணத் திட்டம், அயர்லாந்து பெருமைப்படத்தக்க திட்டம். 66 வயதானோர் பஸ்ஸிலும் ரயிலிலும் இலவசமாகச் செல்லலாம். மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பஸ் வராத ஊரில் அந்த அட்டை எதற்குப் பயன்படும்? சீட்டு இலவசம்; வண்டிதான் இல்லை!

ரயில் மட்டும் குற்றமற்றதா என்றால், இல்லை. ஓடிக்கொண்டிருந்த பாதைகளிலேயே சிறு ஸ்டேஷன்களை மூடியது ரயில் நிர்வாகம். டப்ளின்–கார்க் பாதையிலுள்ள சாலின்ஸ் ஸ்டேஷன் 1963இல் மூடப்பட்டு 1994இல் திறக்கப்பட்டது. மோனஸ்டெரெவின் 1976இல் மூடப்பட்டு 2001இல் திறக்கப்பட்டது. லிமரிக்–கால்வே வழியில் என்னிஸ்–அதென்ரை பாதை 1976இல் பயணிகளை இழந்து, 2010இல் மீண்டும் பெற்றது. நெடுஞ்சாலைப் பஸ் இதைவிட வேகம், இது வீண்செலவு என்று கேலி பேசினர். முதலில் கூட்டம் குறைவுதான். ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடிற்று. கார்ட், ஆர்ட்ரஹன், கிராக்வெல் முதலிய சிற்றூர்களில் ரயில் நிற்கிறது. நிற்பதால் மக்கள் வருகிறார்கள். மக்கள் வரவில்லை என்று மூடுவது எளிது. நிற்காத வண்டிக்கு மக்கள் எப்படி வருவார்கள் என்று கேட்பவர்தான் குறைவு!

அண்மையில் நல்ல மாற்றங்களும் தெரிகின்றன. 2021இல் அறிவிக்கப்பட்ட கிராமப் போக்குவரத்துத் திட்டம், ஊர்ப்பக்கச் சேவைகளை ஐந்தாண்டில் 25 சதவீதம் பெருக்குவதென்று புறப்பட்டது. சிறு பஸ்கள் புதிய சிற்றூர்களை எட்டின. 2024 ஜூலையில் தெற்கு, வடக்கு இரு அரசுகளும் வெளியிட்ட ரயில் ஆய்வறிக்கை, 2050க்குள் செய்யவேண்டியவற்றில் டொனிகாலின் லெட்டர்கென்னிக்கு ரயில் என்பதையும் சேர்த்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் சிறு பஸ் கொண்டுவந்து விடும் நேரத்துக்கு ரயில் வரவேண்டும். ரயில் வந்து சேரும் நேரத்துக்குச் சிறு பஸ் காத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பாராமல் ஓடினால், திட்டம் காகிதத்தில் மட்டுமே சேரும்.

அயர்லாந்தின் போக்குவரத்துத் தொழிலாளிக்கு வீர வரலாறு உண்டு. 1913 ஆகஸ்ட் 26இல் டப்ளின் டிராம் தொழிலாளர்கள் ஜேம்ஸ் லார்கின் தலைமையில் வண்டிகளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கினர். சங்கத்தில் சேரும் உரிமைக்காகச் சுமார் 20,000 பேர் கதவடைப்பின் பட்டினியைத் தாங்கினர். 1920இல் ரயில் தொழிலாளர்கள், பிரிட்டிஷ் துருப்புகளையும் ஆயுதங்களையும் ஏற்றிச் செல்ல மாட்டோம் என்று மே முதல் டிசம்பர் வரை உறுதியாய் நின்றனர். யாருக்காக வண்டி ஓடவேண்டும், யாருக்காக ஓடக்கூடாது என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டென்பதை அவர்கள் நிலைநாட்டினார்கள்.

அந்தக் கேள்விதான் இன்றும் ஃபெர்மாயிலும் லாக்ரேயிலும் எழுகிறது. லாபம் வரும் இடத்தில் மட்டும் நிற்பது வியாபாரம். மக்கள் இருக்கும் இடத்தில் நிற்பது சேவை. வியாபாரத்துக்குப் பெர்மிட் கொடுக்கும் அரசு, சேவைக்கும் வழி செய்தாக வேண்டும். அந்தச் சுமையைத் தொழிலாளியின் கூலியில் கழிக்காமல் செய்தாக வேண்டும். வேகம் வளரட்டும், வாழ்த்துகிறோம். ஆனால் சாலையோரத்தில் கைகாட்டி நிற்பவனை ஏற்றாத வேகம், நாட்டின் முன்னேற்றம் ஆகாது.