துவக்கு எந்த ஊர்ப் பிள்ளை?

பதுளை நகரில் உள்ள புனித மாற்கு தேவாலயம் ஒரு வேட்டைக்காரரின் நினைவாக எழுப்பப்பட்டது. இலங்கை ரைபிள் படையின் மேஜர் தாமஸ் வில்லியம் ரொஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அதற்குள் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டிருந்தார் என்பது அந்தக் காலத்தவர் சொல்லிய கணக்கு. பதுளை அடங்கிய ஊவாவில் பழைய துவக்கு ஒன்று பரணிலிருந்து இறங்கினால், அதை எப்படியாவது ரொஜர்ஸ் காலத்துக்கோ ஏதாவதொரு வெள்ளைக்காரப் பெரியதுரைக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. துவக்கின் மேல் ஏதோ எழுத்து, ஏதோ கிரீடம், நாலு எண். கதை சொல்ல அது போதும். உண்மை சொல்லப் போதாது.

ஏனென்றால் ஒரு துவக்கின் இரும்பில் இருப்பது ஒரே ஆளின் கையெழுத்து அல்ல. செய்த தொழிற்சாலை ஒரு முத்திரை குத்தியது. குழல் வெடிக்காது என்று சோதித்த சாலை இன்னொன்று குத்தியது. வாங்கிய அரசு, வைத்திருந்த படை, கடைசியில் பழசென்று விற்றவர் என்று ஆளுக்கொன்று. எந்த முத்திரை யாருடையது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எழுத்தைத் தேடும் முன் உருவத்தைப் பாருங்கள். தீக்கல் சுத்தியலும் அதன் பொறியும் குழலின் இடப்பக்கத்தில் இருந்து, பின்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருண்டிருந்தால் அது கண்டி இராச்சியத்துக் கம்மாளர் செய்த சிங்களத் துவக்கு. ஐரோப்பியத் துவக்குகளில் பொறி வலப்பக்கம்தான். 1817-18 ஊவா-வெல்லச கிளர்ச்சியில் இந்தக் காடுகளில் மோதிக்கொண்டவை இந்த இரண்டு வகையும்தான்.

ஆங்கிலேயச் சிப்பாயின் தீக்கல் துவக்கில், பொறித் தகட்டின் மேல் கிரீடமும் ‘ஜி.ஆர்.’ என்ற எழுத்துகளும் ‘டவர்’ என்ற பெயரும் இருக்கும். டவர் என்றொரு கம்பனி இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அது லண்டன் கோபுரக் கோட்டை. ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்த பாகங்களை அரசின் ஆயுதத் துறை பார்த்து ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. செய்தவனின் பெயர் அதில் கிடைக்காது. கிழக்கிந்தியக் கம்பனியின் துவக்கு என்றால் வேறு குறி: 1808க்கு முன் இதய வடிவத்துக்குள் எழுத்துகள், அதற்குப் பின் கிரீடத்தைப் பிடித்து எழுந்து நிற்கும் சிங்கம். இந்தச் சிங்கத்தைக் கண்டி மன்னரின் சிங்கமென்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது.

தோட்டப் பகுதியில் அதிகம் பேசப்படுவது ‘திரீ நாட் திரீ’ எனும் லீ-என்ஃபீல்ட் ரைபிள். 303 என்பது ஆண்டும் அல்ல, தொடர் இலக்கமும் அல்ல; குழலின் உள்விட்டம், அங்குலத்தில் 0.303. 1900இல் தோட்டத்துரைமாருக்கென்றே இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை என்று ஒரு தொண்டர் படை அமைந்தது. வெள்ளையர் மட்டும் சேரக்கூடிய படை, தலைமையகம் கண்டி, 1914இல் எகிப்துக்குப் போய், பிறகு கல்லிப்பொலியிலும் இருந்தது, 1949இல் கலைக்கப்பட்டது. பகலில் கொழுந்து நிறுவையைப் பார்த்த துரை, ஓய்வு நாளில் இந்த ரைபிளோடு அணிவகுத்தார். தியத்தலாவையில் பாடசாலைக் கடேற் முகாம்கள் நடந்த காலத்தில் மாணவர் கையிலும் இதே இனம் இருந்தது.

இந்த ரைபிள் எங்கே பிறந்தது என்று அறிய ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து பொருந்தும் இரும்புப் பட்டையின் வலப்பக்கம். மேலிருந்து கீழாகக் கிரீடம், அரசரின் பெயரெழுத்து, தொழிற்சாலை, ஆண்டு, வகை. பெயரெழுத்து ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா, 1901 வரை. ‘ஈ.ஆர்.’ ஏழாம் எட்வர்ட், 1910 வரை. அதன்பின் ‘ஜி.ஆர்.’, ஐந்தாம் ஜோர்ஜுக்கும் ஆறாம் ஜோர்ஜுக்கும் அதுவே. ‘ஜி.ஆர்.ஐ.’ என்று ஓர் எழுத்து கூடியிருந்தால் இந்தியப் பேரரசர் என்று பொருள். அந்தத் துவக்கு கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூர் தொழிற்சாலையில் பிறந்தது. ‘லித்கோ’ என்றிருந்தால் அவுஸ்திரேலியா. ‘என்ஃபீல்ட்’ லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலை. ‘பி.எஸ்.ஏ. கோ.’ பேர்மிங்ஹாம் நகரத்துக் கம்பனி, 1861இல் தொடங்கியது. பி.எஸ்.ஏ. சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் கண்ட தலைமுறைக்கு அந்தக் கம்பனியின் சின்னம் நினைவிருக்கும்: கூம்பாகச் சாய்த்து வைத்த மூன்று ரைபிள்கள். சைக்கிளில் எதற்குத் துவக்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. திருவொற்றியூரில் உருண்டுவந்த ரோயல் என்ஃபீல்ட் புல்லட்டின் பெயரும் அந்த என்ஃபீல்ட் துவக்குத் தொழிற்சாலையின் உறவில் வந்ததுதான். அந்தத் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த கம்பனி அதன் பெயரையும் எடுத்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போர்க்கால நாலாம் இலக்க லீ-என்ஃபீல்ட் ரைபிள்களில் சிலவற்றின் இடப்பக்கம் ‘யு.எஸ். ப்ராபர்ட்டி’ என்று இருக்கும். உடனே அமெரிக்கச் சிப்பாய் ஒருவரைக் கதைக்குள் இழுக்க வேண்டாம். மாசசூசெட்ஸில் சாவேஜ் கம்பனி இவற்றை பிரித்தானியாவுக்காகவே செய்தது; கடனாகக் கொடுத்ததால் காகிதத்தில் மட்டும் அமெரிக்கச் சொத்து.

அடுத்தது அம்புக்குறி. மூன்று கோட்டில் ஒரு கோழிக்கால் போல இருக்கும். அரச உடைமை என்று அதற்குப் பொருள். அம்பின் கீழ் ‘ஐ’ இருந்தால் இந்தியா, ‘சி’ என்ற எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால் அரசு அந்தத் துவக்கைக் கைகழுவி விற்றுவிட்டது. ‘டி.பி.’ என்று பெரிதாக வெட்டியிருந்தால் அணிவகுப்புக்கு மட்டும். குண்டு போட்டுச் சுடவே கூடாது. கடேற் துவக்குகளில் பார்க்க வேண்டிய எழுத்து அதுதான். குழலில் ‘18.5 டன்’ என்ற சோதனைக் குறியும் சேர்ந்திருந்தால், அந்த ரைபிள் 1950களில் அல்லது பிறகு இங்கிலாந்தில் தனியார் விற்பனைக்குச் சோதிக்கப்பட்டது. 1917 என்ற ஆண்டும் 18.5 டன்னும் ஒரே குழலில் இருப்பதில் முரண் இல்லை. ஒன்று பிறப்பு, மற்றது கைமாற்றம்.

பின்கட்டையின் வலப்பக்கத்தில் பதித்த சிறு பித்தளை வட்டைத் தொலைத்துவிடாதீர்கள். படைப்பிரிவின் சுருக்கெழுத்தும் துவக்கின் வரிசை எண்ணும் அதில்தான் இருக்கும். தோட்டக்காரர் படையின் எழுத்துகள் அங்கே இருக்குமானால் அந்த ரைபிள் ஊவா மலை ஏறியதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஆனால் மரக்கட்டையை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆகவே குழல், உடல், போல்ட் மூன்றிலும் தொடர் இலக்கம் ஒன்றா என்று ஒத்துப்பார்த்த பிறகே வட்டை நம்பலாம்.

வேட்டைத் துவக்குக்கு வேறு வாசிப்பு. குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே தங்க எழுத்தில் உள்ள பெயர் பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். குறுக்காகக் கிடக்கும் இரண்டு செங்கோல்கள் மேல் கிரீடம் என்றால் 1904க்கு முந்திய பேர்மிங்ஹாம். கிரீடத்தின் கீழ் ‘பி.பி.’, ‘பி.வி.’, ‘என்.பி.’ என்றால் 1904க்குப் பின். ‘நாட் ஃபார் பால்’ என்று எழுதியிருந்தால் 1875க்கும் 1887க்கும் இடையில். முட்டை வட்டத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’ என்றால் அது இங்கிலாந்தே அல்ல, பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893க்குப் பின். ஆங்கிலப் பெயரும் பெல்ஜியக் குறியும் ஒன்றாக இருந்தால் குறியை நம்புங்கள், பெயரை அல்ல.

கூடவே 12, 16, 4 என்று ஓர் எண் வரும். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று நுழையும் குழல் 12. எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெரிது. நுவரெலியாவில் குடியிருந்து வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் 4ஆம் எண் ரைபிள் 21 இறாத்தல் எடை. பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்தது. ரொஜர்ஸும் அவரும் அழித்த யானைகளின் எண்ணிக்கையைப் படித்தபின் இந்தக் கணக்கில் வியப்பு வருவதில்லை, கசப்புதான் வருகிறது.

போலிகளும் உண்டு. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகள் நூறாண்டாக லீ-என்ஃபீல்டையும் மார்டினி-ஹென்றியையும் நகல் செய்துவருகின்றன. அங்கே செதுக்குபவருக்கு ஆங்கிலம் படம் மட்டுமே. எழுத்து தலைகீழாகத் திரும்பும், விக்டோரியாவின் பெயரெழுத்தோடு அவர் இறந்தபின் வந்த ஆண்டு சேரும்.

குறி மங்கியிருந்தால் எமரித் தாளைத் தொட வேண்டாம். துரு போகும்போது முத்திரையும் போய்விடும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தாலே போதும். அதற்கும் முன் ஒன்று: வாய்வழி மருந்து இடிக்கும் இடியன் துவக்குகளில் பழைய மருந்தும் சன்னமும் உள்ளேயே கிடக்கும், அவை வெடிக்கும். பழசு, துருப்பிடித்தது என்பது இலங்கைச் சட்டத்தின் முன் சமாதானமும் ஆகாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கிடைத்ததென்றால் பொலிஸுக்கு அறிவித்த பிறகே ஆராய்ச்சி.

இரும்பு சொல்வது பிறந்த ஊரை. ஊவாவில் அது யார் வீட்டில் வளர்ந்தது என்பதைக் காகிதம்தான் சொல்லும்: பழைய அனுமதிப்பத்திரம், விற்பனைச் சிட்டை. 1971 ஏப்ரலில் வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்ட கிளர்ச்சியின்போது வேட்டைத் துவக்குகள் வீடுகளிலிருந்து பறிபோயின. அதனால் இன்று ஒரு வீட்டில் இருக்கும் துவக்கு அந்த வீட்டுத் துவக்குதான் என்றுகூடச் சொல்லிவிட முடியாது. பழைய அனுமதிப்பத்திரத்தில் உள்ள தொடர் இலக்கத்தோடு ஒப்பிட வேண்டும்.